மாதிரி ரயில் வயரிங்: தயாரிப்பாளரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

மாதிரி ரயில் பாதைகளின் வயரிங் குறித்தும், கோளாறு நேரும்போது தயாரிப்பு நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவிப் பிரிவை அணுகுவது குறித்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தந்திருக்கிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். நிறுவனங்களின் பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: எச்ஓ (1:87) அளவில் நீள்வட்டப் பாதை ஒன்றைப் பல ஆண்டுகளாக, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் அனலாக் முறையில் ஓட்டி வந்தேன். அண்மையில் டிசிசி (தண்டவாளத்தின் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும், அந்தக் கட்டளையைப் புரிந்துகொண்டு மோட்டாரை இயக்கும் டிகோடர் பொருத்திய எஞ்சின் ஒன்றும் வாங்கி, பழைய பாதையிலேயே இணைத்தேன். எஞ்சின் புறப்படுகிறது. ஆனால் நிறுத்தச் சொன்னால் சில நேரங்களில் நிற்பதில்லை. ஒருமுறை, கட்டளை எதுவும் கொடுக்காமலேயே முழு வேகத்தில் பாய்ந்து வளைவில் கவிழ்ந்தது. உதவிப் பிரிவுக்கு எழுதினால், 'எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு தண்டவாளத் துண்டில் சோதித்துப் பாருங்கள்' என்ற ஒரே பதிலைத்தான் ஒவ்வொரு முறையும் அனுப்புகிறார்கள். பெட்டியை மாற்றித் தராமல் தட்டிக்கழிக்கும் தந்திரமா இது?

பதில்: தந்திரம் அல்ல. உங்கள் கடிதத்தைப் படித்தால் எங்களுக்கும் அதே பதில்தான் முதலில் தோன்றுகிறது. உதவிப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் பாதை கண்ணில் படாது. பலகைக்கு அடியில் எந்த வயர் எங்கே போகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. அவர் நிறுவனம் தயாரித்தது பெட்டியை மட்டுமே. தண்டவாளம், இணைப்பு வயர், எஞ்சின் ஆகியவை வேறு வேறு இடங்களிலிருந்து வந்தவை. கோளாறு பெட்டியில்தான் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், பெட்டியையும் எஞ்சினையும் தவிர மற்ற அனைத்தையும் நீக்கிய பிறகும் அந்தக் கோளாறு தொடர வேண்டும். நீங்கள் அந்தச் சோதனையைச் செய்ததாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. அதைச் செய்யாதவரை உங்களுக்கு இரண்டாவது பதில் கிடைக்காது.

அவர்கள் மீதும் எங்களுக்கு ஒரு குறை உண்டு. அந்தச் சோதனையை ஏன் செய்யச் சொல்கிறோம் என்பதை ஒரு வரியில் விளக்கியிருந்தால், நீங்கள் இவ்வளவு சினம் கொண்டிருக்க மாட்டீர்கள். அதோடு, அனலாக்கிலிருந்து டிசிசிக்கு மாறியவர் எழுதும் கடிதத்தைக் கண்டதும் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை. பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயர்களை எந்தத் துண்டின் வழியாகத் தண்டவாளத்தில் இணைத்திருக்கிறீர்கள்?

'பழைய பாதையிலேயே இணைத்தேன்' என்று எழுதியிருப்பதால், அனலாக் பெட்டியோடு வந்த மின் இணைப்புத் துண்டையே இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்று கருதுகிறோம். அதைக் கழற்றித் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே, வட்டமாகவோ சிறு சதுரமாகவோ, இரண்டு கால்களுடன் ஓர் உறுப்பு இருந்தால், அதுதான் கெப்பாசிட்டர். மோட்டாரின் பிரஷ்கள் எழுப்பும் தீப்பொறியால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இரைச்சல் வராமல் தடுப்பதற்காக அனலாக் இணைப்புத் துண்டுகள் பலவற்றில் அதை வைத்திருப்பார்கள். நேர்மின்சாரத்தில் ஓடும் ரயிலுக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. டிசிசியிலோ நிலைமை வேறு.

டிசிசி முறையில் தண்டவாளத்தில் பாயும் மின்சாரமே கட்டளையையும் சுமந்து செல்கிறது. அது திசையை மிக விரைவாக மாற்றிக்கொண்டே இருக்கும். 'ஒன்று' என்னும் குறிக்கு ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ வினாடி நீடிக்கும், 'பூஜ்யம்' என்னும் குறிக்கு 100 மைக்ரோ வினாடி அல்லது அதற்கு மேல் நீடிக்கும். இந்தக் கால வேறுபாட்டைக் கொண்டுதான் டிகோடர் கட்டளையைப் புரிந்துகொள்கிறது. இடையில் கெப்பாசிட்டர் இருந்தால், செங்குத்தாக ஏறி இறங்க வேண்டிய மின்னழுத்தத்தின் விளிம்புகள் மழுங்கிவிடும். பிழையாக வந்து சேரும் கட்டளையை டிகோடர் ஒதுக்கிவிட்டு, கடைசியாகச் சரியாகக் கேட்ட கட்டளையின்படியே ஓடிக்கொண்டிருக்கும். 'நில்' என்று நீங்கள் சொல்வதும் எஞ்சின் நிற்காமல் போவதும் இதனால்தான். முழு வேகப் பாய்ச்சலுக்கும் காரணம் உண்டு. பெரும்பாலான டிகோடர்களில், கட்டளை எதுவும் புரியாதபோது 'இது அனலாக் பாதை' என்று முடிவு செய்து, கிடைக்கும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஓடும் வசதி இருக்கிறது, சி.வி. 29 என்னும் அமைப்பெண்ணில் அதை இயக்கலாம், நிறுத்தலாம். டிசிசியில் மட்டுமே ஓட்டுபவர் அதை நிறுத்தி வைப்பது நல்லது. எஞ்சினை அழைக்கும் எண்ணான முகவரியையும் ஓடும் திசையையும் தீர்மானிக்கும் அமைப்புகளும் அதே எண்ணில் இருப்பதால், எஞ்சினோடு வந்த குறிப்பேட்டைப் பார்த்துச் சரியான மதிப்பை எழுதுங்கள்.

கெப்பாசிட்டர் உள்ள துண்டை எடுத்துவிட்டு, கெப்பாசிட்டர் இல்லாத சாதாரண இணைப்புத் துண்டைப் போடுங்கள். அல்லது தண்டவாளத்தின் பக்கவாட்டில் வயரை நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். அதன் பிறகும் கோளாறு தொடர்ந்தால் உதவிப் பிரிவுக்கு மீண்டும் எழுதலாம். அந்தக் கடிதம் ஏறத்தாழ இப்படி அமைய வேண்டும்:

'கட்டுப்பாட்டுப் பெட்டியின் மாதிரி எண் இது. திரையில் தெரியும் மென்பொருள் பதிப்பு இது. பெட்டியோடு தாங்கள் அனுப்பிய 15 வோல்ட் அடாப்டரையே பயன்படுத்துகிறேன். பாதையை முழுமையாகக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு நேர்த் துண்டைப் பெட்டியின் பிரதான வெளியீட்டு முனைகளில் இரண்டு வயர்களால் நேரடியாக இணைத்தேன். இடையில் கெப்பாசிட்டரோ வேறு உறுப்புகளோ இல்லை. எஞ்சினின் முகவரி 3. முன்னோக்கிப் போகச் சொன்னால் போகிறது. நிறுத்தக் கட்டளை கொடுத்தால், பத்து முறையில் மூன்று முறை நிற்பதில்லை. தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்த பிறகும் இதே நிலைதான். வேறொரு டிகோடர் எஞ்சினிலும் இதுவே நிகழ்கிறது. இணைப்பு தெளிவாகத் தெரியும்படி எடுத்த ஒளிப்படம் இத்துடன் இருக்கிறது.'

இந்தக் கடிதத்தில் 'உங்கள் தயாரிப்பு மோசம்' என்ற சொல் இல்லை, எத்தனை ஆண்டுகளாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறீர்கள் என்ற தகவலும் இல்லை. ஆனால் தண்டவாளம், இணைப்புத் துண்டு, அழுக்கு, எஞ்சின் என்று அவர் கைகாட்டக்கூடிய எல்லா இடங்களையும் நீங்களே ஒவ்வொன்றாக அடைத்துவிட்டீர்கள். எஞ்சினை மாற்றிச் சோதித்தேன் என்ற அந்த ஒரு வரிதான் பெட்டியை மாற்றித் தரும் முடிவுக்கு அவரைக் கொண்டுவரும்.

கேள்வி: பழைய உலோகச் சட்ட எஞ்சின் ஒன்றில் டிகோடரை நானே பொருத்தினேன். தண்டவாளத்தில் வைத்த மறுகணம் புகை கிளம்பி டிகோடர் கருகிவிட்டது. வண்ணம் பார்த்துத்தான் எல்லா வயர்களையும் இணைத்தேன். 'மோட்டார் தனிமைப்படுத்தப்படவில்லை, உத்தரவாதம் பொருந்தாது' என்று தயாரிப்பாளர் எழுதிவிட்டார். இது நியாயமா?

பதில்: அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். உங்கள் வண்ண இணைப்பிலும் தவறு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பவை. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் விளக்குகளுக்கான பொதுமுனை. இவை எல்லாவற்றையும் அப்படியே இணைத்த பிறகும் டிகோடர் கருகும். அனலாக் காலத்து உலோகச் சட்ட எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ், வயர் எதுவும் இல்லாமல், சட்டத்தின் வழியாகவே ஒரு பக்கச் சக்கரங்களிலிருந்து மின்சாரம் பெறுகிறது. அந்தத் தொடர்பை அறுக்காமல் ஆரஞ்சு, சாம்பல் வயர்களை இணைத்தால், தண்டவாளத்து மின்சாரம் டிகோடரின் மோட்டார் வெளியீட்டுக்குள் நேராகப் புகுந்துவிடும். அங்கிருக்கும் நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் கருகுவதற்கு ஒரு வினாடிகூடத் தேவையில்லை.

இதைக் கண்டறிய மல்டிமீட்டர் ஒன்று போதும். பழைய வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, மீட்டரை ஒலியெழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையை மோட்டாரின் ஒரு பிரஷ் மீதும் மறுமுனையை ஒரு பக்கச் சக்கரத்தின் மீதும் வையுங்கள். பிறகு மறுபக்கச் சக்கரம், சட்டம், மேல்மூடியைப் பிடிக்கும் திருகு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். அடுத்த பிரஷ்ஷுக்கும் இதையே செய்யுங்கள். எங்காவது ஒலி எழுந்தால், அந்த இடத்தில் காப்பு நாடா வைக்காமல் டிகோடரைத் தொடக்கூடாது. திருகுகளை மறந்துவிடாதீர்கள், மோட்டாரைச் சுற்றி அழகாகக் காப்பு நாடா ஒட்டிவிட்டு, அதைச் சட்டத்தோடு பிணைக்கும் உலோகத் திருகை அப்படியே விட்டுவிடுவது பலரிடமும் நேர்வதுதான். அதோடு, எஞ்சின் மோட்டார் சுழலாமல் இறுகி நிற்கும்போது எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பதையும் 12 வோல்ட்டில் ஒரு கணம் மட்டும் அளந்துகொள்ளுங்கள். பழைய மோட்டார்களில் சில ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்படிப்பட்டவற்றுக்குச் சிறிய டிகோடர் தாங்காது.

இன்னொரு பழக்கம் இதைவிட முக்கியமானது. புதிதாகப் பொருத்திய எஞ்சினை முதலில் பிரதான பாதையில் வைக்காதீர்கள். டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் பெட்டியில் உள்ள 'புரோகிராமிங்' முனைகளில் இணைத்த தனித் துண்டில் வையுங்கள். டிசிசி தரவிதிகளின்படி அந்த முனைகளில் மின்னோட்டம் 250 மில்லி ஆம்பியர் அளவிலேயே கட்டுப்படுத்தப்படுகிறது. பிரதான பாதையிலோ பல ஆம்பியர் காத்திருக்கிறது. முகவரியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். படித்துவிட்டால் பிரதான பாதைக்குக் கொண்டு போகலாம். 'ஷார்ட்' என்றோ 'பதில் இல்லை' என்றோ திரை காட்டினால், டிகோடர் உயிரோடு இருக்கும்போதே வயரிங்கைத் திருத்த வாய்ப்புக் கிடைக்கிறது.

இனி நியாயத்துக்கு வருவோம். வாரண்டி என்பது தயாரிப்பில் உள்ள குறைக்கு மட்டுமே. பொருத்தியவரின் கைப்பிழைக்கு அல்ல. அந்த வகையில் அவர் மறுத்தது சரிதான். ஆனால் மோட்டாரைத் தனிமைப்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடும் நிறுவனங்கள், கருகிய டிகோடர்கள் தங்களிடம் திரும்பி வருவதைப் பார்த்து வியப்பதில் பொருளில்லை. எனவே பணிவாக ஒரு கோரிக்கை வையுங்கள். பொருத்தியவரின் பிழையென்றாலும் முதல் ஆண்டில் மாற்றித் தரும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். குறைந்த கட்டணத்தில் மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். எந்த டிரான்சிஸ்டர் கருகியிருக்கிறது என்று பார்த்தாலே, கோளாறு மோட்டார் பக்கமா விளக்குப் பக்கமா என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். 'ஒன்றும் செய்யவில்லை, தானாகவே போய்விட்டது' என்ற கதை அங்கே எடுபடாது. டிகோடரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை அறுத்துப் பார்க்கவும் வேண்டாம். கருணைக்கு மிச்சமிருக்கும் இடத்தையும் அது மூடிவிடும்.

கேள்வி: பாதையை வளைத்து அதனுடனேயே சேர்த்து, ரயில் திரும்பி வரும்படி ஒரு சுற்று அமைத்தேன். பாதை பிரியும் இடத்தில் உள்ள பாயிண்டை மாற்றியதும் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தைத் துண்டிக்கிறது. 'தானியங்கி ரிவர்ஸ் லூப் கருவி வாங்குங்கள்' என்கிறது உதவிப் பிரிவு. இது வியாபாரம்தானே?

பதில்: வியாபாரமும் உண்டு, உண்மையும் உண்டு. இரண்டு தண்டவாளப் பாதை ஒன்று தன்னுடனேயே திரும்பி வந்து சேரும்போது, வலப்பக்கத் தண்டவாளம் இடப்பக்கத் தண்டவாளத்தில் போய் முட்டுகிறது. அது ஷார்ட், எந்தப் பெட்டியாக இருந்தாலும் துண்டிக்கத்தான் வேண்டும், துண்டிக்காத பெட்டிதான் பழுதான பெட்டி. (நடுவில் மூன்றாவது மின்கடத்தி உள்ள பாதைகளில் இந்தச் சிக்கலே எழுவதில்லை, இரண்டு தண்டவாளங்களும் ஒரே முனையில் இணைந்திருப்பதால் எப்படி வளைத்துச் சேர்த்தாலும் கவலையில்லை.)

தீர்வு இதுதான். சுற்றின் இரு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களையும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு வெட்டுங்கள். ஒரு முனையில் மட்டும் வெட்டினால் போதாது. வெட்டிய பகுதி உங்கள் மிக நீண்ட ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், ரயிலின் தலையும் வாலும் ஒரே நேரத்தில் இரண்டு வெட்டுகளையும் உலோகச் சக்கரங்களால் இணைத்துவிடும். அந்தப் பகுதிக்குத் தனியாக மின்சாரம் கொடுத்து, அதன் திசையை மாற்றுவதற்கு ஒரு வழி வைக்க வேண்டும். தானியங்கிக் கருவி அதைத்தான் செய்கிறது. இரட்டைத் தொடர்பு கொண்ட சாதாரண மாற்று சுவிட்சைக் குறுக்காக வயரிங் செய்தும் அதே வேலையைச் செய்யலாம். ரயில் சுற்றுக்குள் இருக்கும்போது நீங்களே சுவிட்சைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். டிசிசியில் எஞ்சின் எந்தத் திசையில் ஓடுவது என்பதை டிகோடர்தான் முடிவு செய்கிறது என்பதால், ஓடும்போதே மின்சாரத் திசையை மாற்றினாலும் ரயில் தடுமாறாமல் போகும்.

கருவியை வாங்கியே விட்டீர்கள் என்றால், உதவிப் பிரிவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கருவி எத்தனை ஆம்பியரில் திசை மாற்றும், அந்த அளவை மாற்றி அமைக்க முடியுமா? உங்கள் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பகுதி) துண்டிக்கும் அளவைவிட அது குறைவாகவும், பூஸ்டரை முந்திக்கொள்ளும் அளவுக்கு விரைவாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி விழித்துக்கொள்வதற்குள் பூஸ்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடும். இரண்டு நிறுவனப் பொருள்களைச் சேர்க்கும்போது இந்த அளவுகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 15 வோல்ட் தர வேண்டிய பெட்டி, என் மல்டிமீட்டரில் 11 வோல்ட் காட்டுகிறது. பாதையின் தொலைவான மூலையில் ரயில் மந்தமாகவும் ஓடுகிறது. மீட்டர் அளவைப் பொருட்படுத்த வேண்டாம் என்று உதவிப் பிரிவு சொல்வதை ஏற்க முடியவில்லை.

பதில்: இரண்டு தனித்தனிச் செய்திகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். விலை குறைந்த மல்டிமீட்டர்கள், வீட்டு மின்சாரம் போல 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் மெதுவாக ஏறி இறங்கும் அலையை அளப்பதற்கே அமைக்கப்பட்டவை. டிசிசி அலை அதைவிட நூறு மடங்குக்கும் மேல் விரைவானது, சதுர வடிவமும் கொண்டது. ஆகவே 11 என்ற எண்ணை நம்ப வேண்டாம் என்பது சரி.

ஆனால் அதே மீட்டர் ஒப்பிடுவதற்கு நன்றாகவே உதவும். பெட்டிக்கு அருகே ஓர் அளவும், தொலை மூலையில் ஓர் அளவும் எடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும். மின்னோட்டம் இல்லாதபோது மோசமான இணைப்பும் முழு மின்னழுத்தத்தைக் காட்டிவிடும். இரண்டுக்கும் வேறுபாடு கணிசமாக இருந்தால், தண்டவாள இணைப்பான்களை மட்டும் நம்பி மின்சாரத்தை நீண்ட தூரம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். பலகைக்கு அடியில் 1.5 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு பிரதான வயர்களை ஓடவிட்டு, அவற்றிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய கிளை வயர்களைப் பற்றவையுங்கள். பிறகு தொலை மூலையில் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளங்களின் மீதும் குறுக்காக வைத்துப் பாருங்கள். பெட்டி உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்காமல் நாணயம் சூடேறினால், ரயில் தடம் புரளும் ஒரு நாளில் உருகப்போவது எஞ்சினின் சக்கரப்பெட்டி. அந்தச் சோதனையில் தேறாத பாதையை வைத்துக்கொண்டு பெட்டியைக் குறை சொல்லிக் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் டிகோடரை வேறொரு நிறுவனத்தின் பெட்டியால் படிக்க முடியவில்லை. டிகோடர் நிறுவனம் பெட்டியைக் குறை சொல்கிறது; பெட்டி நிறுவனம் டிகோடரைக் குறை சொல்கிறது. நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். யாரிடம் போவது?

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லாமலேயே இந்த நிலை வரலாம். டிசிசி, ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் தரப்படுத்தியது. தண்டவாளத்தில் என்ன அலை பாய வேண்டும் என்பதை அந்தத் தரம் சொல்கிறது. அதனால்தான் ஒருவர் பெட்டியில் மற்றொருவர் டிகோடர் ஓடுகிறது. பெட்டிக்கும் கைக்கருவிக்கும் இடையே ஓடும் கேபிளுக்கு அந்தப் பொதுத் தரம் கிடையாது. லோக்கோநெட் ஒரு வகை, எக்ஸ்பிரஸ்நெட் வேறு வகை. உங்கள் சிக்கல் தண்டவாளப் பக்கத்தில் இருப்பதால், இருவருமே பொறுப்பிலிருந்து முழுமையாக விலக முடியாது.

டிகோடர் எப்படிப் 'பதில்' சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. புரோகிராமிங் துண்டில் பெட்டி ஒரு கேள்வி கேட்கும். விடை 'ஆம்' என்றால் டிகோடர் சுமார் 6 மில்லி வினாடி நேரம் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டும். அதற்காகப் பெரும்பாலும் மோட்டாரைத்தான் ஒரு கணம் உசுப்பும். படிக்கும்போது எஞ்சின் இலேசாகத் துடிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆகவே மோட்டார் இணைப்பு விட்டுப்போயிருந்தாலும், சக்கரத்தில் அழுக்கு இருந்தாலும், மோட்டார் மிகக் குறைவாக இழுக்கும் வகையாக இருந்தாலும், பெட்டிக்கு விடை கேட்காது. ஒலி டிகோடர்களில், குறிப்பாகப் பெரிய கெப்பாசிட்டர் இணைத்தவற்றில், மின்சாரம் கொடுத்ததும் அந்தக் கெப்பாசிட்டர் நிரம்புவதற்கு இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்துப் பெட்டி ஷார்ட் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

எனவே முதலில் எஞ்சின் துடிக்கிறதா என்று பாருங்கள். துடிக்கிறது, ஆனால் திரையில் விடை வரவில்லை என்றால் பெட்டி நிறுவனத்துக்கு எழுதுங்கள். துடிக்கவே இல்லை என்றால் வயரிங்கைப் பாருங்கள். பிறகு டிகோடர் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அடுத்து, படிக்காமல் எழுத மட்டும் முயன்று பாருங்கள். விடை கேட்காத பெட்டியும் பல நேரங்களில் எழுதிவிடும். பல டிகோடர்களில் சி.வி. 8-இல் 8 என்று எழுதினால் எல்லா அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பி, முகவரி 3 ஆகிவிடும். அதன் பிறகு பிரதான பாதையில் 3 என்ற முகவரிக்கு எஞ்சின் ஓடினால், டிகோடர் நலமாக இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் அதைத் திருப்பி அனுப்புவது தபால் செலவுக்கு மட்டுமே உதவும்.

இருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரே கடிதத்தை இருவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிறார் என்று தெரிந்தால், 'அது அவர்கள் பக்கத்துக் கோளாறு' என்று எழுதும் முன் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: என் பழைய அனலாக் பெட்டி சூடாகி நின்றுவிட்டது. தயாரித்த நிறுவனம் இப்போது இல்லை. திறந்து பழுதுபார்க்கலாமா?

பதில்: வேண்டாம். தண்டவாளத்துக்கு வரும் 12 வோல்ட்டில் தவறு செய்தால் ஒரு டிகோடர் போகும். அந்தப் பெட்டிக்குள் வருவதோ வீட்டு மின்சாரம். நிறுவனம் இல்லாததால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். தண்டவாளத்துக்கான வெளியீடு நேர்மின்சாரமா, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பதும், விளக்குகளுக்கும் பாயிண்ட் மோட்டார்களுக்கும் தனியாக மாறுமின்சார வெளியீடு இருக்கிறதா என்பதும் அதில் இருக்கும். அந்த அளவுகளுக்குப் பொருந்தும் புதிய பெட்டியை எந்த நிறுவனத்திடமிருந்தும் வாங்கலாம். மாறுமின்சார வெளியீட்டின் முனைகளைத் தண்டவாளத்தில் மட்டும் இணைத்துவிடாதீர்கள். புதிய பெட்டியை மாட்டுவதற்கு முன், பழையதைச் சூடாக்கிய காரணம் பாதையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்; மின்சாரத்தை அணைத்துவிட்டு, எல்லா எஞ்சின்களையும் இறக்கிவிட்டு, இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். ஒலி எழுந்தால் ஷார்ட் இன்னும் அங்கேதான் இருக்கிறது.